ஹால் தரையில் 3.1 மீட்டர்

ஹாலில் மாஸ்கிங் டேப் ஒட்டி இன்றோடு 3 வாரம். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, 3.1 மீட்டர் நீளத்துக்கும் 1.6 மீட்டர் அகலத்துக்கும் ஒரு செவ்வகம், சக்கரம் வருகிற நான்கு இடத்திலும் ஒரு சின்னக் கட்டம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் முதல் நாள் அதைக் கோலத்துக்குப் போட்ட கோடு என்று நினைத்து மிதிக்காமல் சுற்றிப் போனார். விஷயத்தைச் சொன்னதும் "வீட்டுக்குள்ளயா மாப்பிள்ளை காரு?" என்று மட்டும் கேட்டார். எட்டு மாதமாக நானும் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் ஒரு போல்ட் கூட வாங்கவில்லை.

கட்டப்போவது லோட்டஸ் செவன் சாயலில் ஒரு கார். 1957இல் கோலின் சாப்மேன் கொண்டுவந்தது. கதவு கிடையாது, கூரை கிடையாது, குழாய்களை வெல்டிங்கில் ஒட்டிச் செய்த ஒரு கூடு, முன்னால் நீண்ட மூக்கு, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் உட்கார்ந்த மாதிரி இரண்டு பேர். அந்தக் காலத்து பிரிட்டனில் முழுக் கார் வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பிரித்த பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் ஆட்கள் தங்கள் ஷெட்டில் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1973இல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது, அதே வருடம் செவனைக் கட்டும் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கியது, இன்றைக்கும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வரி போன பிறகும் வீட்டில் கட்டுகிற ஆசை போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் 14 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். ஒட்டுகிற ஒவ்வொன்றும் ஒருநாள் கடலில் போய்விடும், அப்புறம் கண்ணால் பார்க்கவே முடியாது. அதைத் தவிர இந்தக் காருக்குப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

சரி, முதல் கேள்வி: இந்தக் கார் எங்கே ஓடும்? பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வாகனத்துக்கென்றே ஐவிஏ என்று ஒரு சோதனை இருக்கிறது, அதில் தேறினால் நம்பர் பிளேட் வாங்கிச் சாலையில் ஓட்டலாம். அங்கே இருப்பவர்கள் போடும் படங்களைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் பிடிக்கிறது, எனக்கும் அப்படித்தான். இங்கே நிலைமை வேறு. 1990லிருந்து சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது ஞாபகம் இருக்கும், அதுவும் 10 வருடத்துக்கு மட்டும். பணத்தை விடுங்கள், புதிதாகப் பதிவாகும் பெட்ரோல் கார் யூரோ 6 புகை விதியைத் தாண்ட வேண்டும் என்பது 2017 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. 90களின் இன்ஜினை மாட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பதில் அர்த்தமில்லை. ஒரு மாதம் இதற்குக் குறுக்குவழி தேடினேன். பிறகு ஒருநாள் நோட்டில் "சாலை இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எட்டு மாதத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அதற்கப்புறம் எல்லா வேலையும் பாதியாகக் குறைந்தது.

சாலை இல்லையென்றால் டிராக். சிங்கப்பூரில் நிரந்தரமான பந்தயத் தடம் இல்லை. மரினா பேயில் 2008லிருந்து நடக்கும் ஃபார்முலா 1 பந்தயம் சாதாரணத் தெருக்களை அடைத்து ஓட்டுவது. அதற்கு முன்னால் 1961லிருந்து 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் பந்தயம் நடந்தது, அந்த வளைவுகளில் இன்றும் காட்டுக்கு நடுவே நடந்து போகலாம், குரங்குகள்தான் பார்வையாளர்கள். ஆகவே நமக்கு மலேசியாவின் செப்பாங் தடம். 1999இல் திறந்தது, ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். கார் தன் சக்கரத்தில் எல்லை தாண்டாது, வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோகூரின் மாசாயில் எனக்கு ஒரு அண்ணன் முறை இருக்கிறார், வீட்டு முன்பக்கம் கார் நிறுத்த நல்ல கூரை போட்ட இடம். கட்டி முடித்ததும் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சுங்கத் தாள் வேலைக்கு ஒரு ஏஜெண்டைக் கூப்பிட்டேன், அவர் கேட்ட முதல் கேள்வி, "இது காரா, இயந்திர பாகமா?" இரண்டுக்கும் படிவம் வேறாம். எந்த நிலையில் எல்லை தாண்டப்போகிறது என்பதைக் கட்ட ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

டிராக் மட்டும் என்றதும் வைப்பர், இண்டிகேட்டர், ஹார்ன், ஹெட்லைட் எல்லாம் போனது. அவற்றோடு வயரிங்கில் முக்கால்வாசியும் போனது. பதிலுக்கு ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாய்), நல்ல பெல்ட், வெளியிலிருந்து இழுத்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், தீயணைப்பான். இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ரோல் பாரின் காலும் பெல்ட்டின் முனையும் கூட்டின் எந்தக் குழாயில் வந்து உட்காரும் என்பதைப் படத்திலேயே போட்டாக வேண்டும், பெயிண்ட் அடித்த பிறகு ஒட்டுவது எங்கள் பட்டறையில் கூட வசவு வாங்கும் வேலை.

இனி மாமியாரின் கேள்விக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடி; அங்கே வெல்டிங் முடியாது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டி ரிப்பேர் வேலை கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிரில் போட்டால் மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவார்கள், எனக்கோ லீவு ஞாயிறு மட்டும்தான். ஆக, ஒரு தொழிற்பேட்டை யூனிட்டில் மூலை பிடிக்க வேண்டும். முதலில் பார்த்தது ஒரு நல்ல இடம், வாடகையும் குறைவு, 5வது மாடி. எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கிளம்பும்போது கார்கோ லிஃப்ட்டில் சும்மா டேப் பிடித்துப் பார்த்தேன். உள்நீளம் 2.75 மீட்டர். கார் 3.1. மூக்கைக் கழற்றினால் போகுமா, நிமிர்த்தி வைத்தால் போகுமா என்று லிஃப்ட்டுக்குள்ளேயே நின்று யோசித்ததில் கதவு இரண்டு முறை மூடித் திறந்தது. ஒட்டிய கூடு மட்டும் என்றால் போகும், இன்ஜினும் சக்கரமும் மாட்டி இறங்க வேண்டும் என்றால் போகாது. படத்தை எத்தனை முறை வரைந்தாலும் இது தெரிந்திருக்காது.

இரண்டாவது இடம் லாரி நேராக மாடிக்கே ஏறி வரும் வகைக் கட்டடம், லிஃப்ட் பிரச்சினையே இல்லை. ஆனால் அங்கே இடத்தைப் பகிர இருந்தவர் தச்சு வேலை செய்கிறவர், மலேசியத் தமிழர், பெரியவர். "தம்பி, நீ வா, எனக்கும் பேச்சுத்துணை" என்றார். தரையெல்லாம் மரத்தூள், மூலையில் வார்னிஷ் டின். கப்பலில் வெல்டிங் என்றால் பெர்மிட் வாங்கி, சுற்றிலும் துப்புரவு செய்து, வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் ஒருவர் தீக்காவல் நிற்பார். அந்தப் பழக்கத்தில் வந்தவனுக்கு மரத்தூள் நடுவில் நெருப்புப்பொறி என்பதை நினைத்தாலே வயிறு கலங்கும். தேநீர் குடித்துவிட்டு மன்னிப்பு கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவதாகக் கிடைத்தது ஒரு பம்ப் பழுதுபார்க்கிற யூனிட்டின் பின்பக்கம், கான்கிரீட் தரை, கட்டட நிர்வாகத்திடம் வெல்டிங்குக்கு எழுத்தில் அனுமதி. மாதம் 600 வெள்ளி.

இந்த 600தான் எல்லாவற்றையும் மாற்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குழாயிலிருந்து கட்டுவதற்கு 1,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன், வெல்டிங் தெரிந்தவன் என்பதால் அதைக் குறைக்கவில்லை, ஏனென்றால் வெல்டிங் இதில் சின்னப் பகுதி. ஞாயிறுக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 48 ஞாயிறு, மொத்தம் 288. ஆயிரத்தை முடிக்க மூன்றரை வருடம், அதாவது 42 மாதம். வாடகை 25,200 வெள்ளி! உதிரிபாகம், இரும்பு, டயர், பெயிண்ட் எல்லாம் சேர்த்து நான் போட்டு வைத்திருந்த பட்டியல் 17,400தான். காரைவிடக் கார் நிற்கிற தரை விலை கூட. எல்லோரும் இன்ஜின் எது, கியர் எது என்று சண்டை போடுகிறார்கள், இந்த ஊரில் நாம் வாங்குகிற முதல் உதிரிபாகம் தரை. அது மட்டும் மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது.

அதனால் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். எந்த வேலைக்கு யூனிட் கட்டாயம் வேண்டும், எது வீட்டிலேயே சத்தமில்லாமல் நடக்கும் என்று ஒவ்வொரு வேலையாகப் பிரித்தேன். படம் வரைவது, வெட்டுப் பட்டியல், அட்டையில் தகடுகளின் மாதிரி, வயரிங்கைப் பலகையில் விரித்துக் கட்டுவது, டேஷ்போர்டு கேஜ் எல்லாம் சோதிப்பது, சின்ன பாகங்களைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் வீடு. (பிரேக் காலிப்பரைச் சமையலறைத் தொட்டியில் கழுவலாம் என்று எழுதியிருந்தேன், மனைவி அந்த வரியைப் பேனாவால் அடித்திருக்கிறார்.) கூட்டை ஒட்டுவது, சஸ்பென்ஷன், இன்ஜின் உட்கார வைப்பது, தகடு ரிவெட் அடிப்பது யூனிட். இப்படிப் பிரித்ததில் யூனிட்டுக்கு 400 மணி நேரம் வந்தது, 17 மாதம், 10,200 வெள்ளி. மீதி 15,000 மிச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். இல்லாத காருக்குச் செலவழிக்காத பணம் எப்படி மிச்சமாகும் என்று கேட்டார். பதில் வரவில்லை.

ஹாலில் டேப் ஒட்டியது அப்போதுதான். முதலில் உட்கார்ந்து பார்த்தேன். 5 கிலோ அரிசி மூட்டை இரண்டு சீட், துடைப்பக் குச்சி ஸ்டியரிங் தண்டு, டெலிபோன் புத்தகம் அளவுக்கு இரண்டு அகராதி பெடல். இந்த வகைக் காரில் கால் வைக்கிற இடம் கியர்பாக்ஸை மூடுகிற நடுச் சுரங்கத்துக்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையில் ஒரு குழாய் மாதிரி ஒடுங்கிப்போகும். நான் 178 செ.மீ., பாதம் அகலம். பாதுகாப்பு பூட்ஸ் போட்டுப் பார்த்தால் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக அமுங்குகிறது, வெறுங்காலில் சரியாக இருக்கிறது. மெல்லிய ஷூ என்று ஒரு வரி பட்டியலில் ஏறியது, அதோடு பெடல் பெட்டியை 30 மி.மீ. அகலப்படுத்தினேன். அதைக் காகிதத்தில் செய்ய ஒரு மாலை. ஒட்டிய பிறகு என்றால் கிரைண்டர், மறுபடி நேர் பார்ப்பது, இரண்டு ஞாயிறு, அதாவது வாடகையில் 300 வெள்ளி. இப்போது எல்லாவற்றையும் இப்படித்தான் வாடகையில் கணக்குப் பார்க்கிறேன், ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது.

இன்ஜின் விஷயத்தில் நான் அதிகம் யோசிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை, இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், இந்தக் கூட்டுக்குள் அது உட்காராது. மஸ்டா எம்எக்ஸ்-5 நீளவாட்டில் இன்ஜின், பின்சக்கரத்துக்கு ஓட்டம், 1989லிருந்து வருகிற கார், உலகம் முழுக்க இந்த வேலைக்கு இதைத்தான் அறுக்கிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுப்பது), ஹப், பிரேக், வயரிங் எல்லாம் ஒரே காரிலிருந்து எடுத்தால் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற தலைவலி இல்லை. ஒரு சிக்கல் மட்டும்: எம்எக்ஸ்-5இன் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாகத் தாங்கி கிடையாது, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் பிணைத்துப் பிடித்திருக்கும். நம் கார் குட்டை, அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. அதை விட்டுவிட்டால் கியர்பாக்ஸின் வாலுக்கு ஒரு தாங்கி, டிஃபரன்ஷியலின் மூக்குக்கு ஒன்று என்று கூட்டிலேயே புதிதாக வைக்க வேண்டும். இது தெரியாமல் கூட்டை ஒட்டிவிட்டு இன்ஜினோடு நின்றவர்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் மாதிரி ஒரு பழைய காரை வாங்கி, ஓரமாக நிறுத்தி, வாரம் ஒரு பாகமாகக் கழற்றலாம் என்று மச்சான் சொன்னான். இங்கே பதிவை ரத்து செய்த காரை அப்படி வைத்துக்கொள்ள முடியாது, ஒரு மாதத்துக்குள் உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ கொடுத்துவிட வேண்டும், பதிவு இருக்கும்வரை வைத்திருந்தால் சாலை வரி, காப்புறுதி, பார்க்கிங். பாகங்களாக வாங்குவதுதான் வழி, அதுவும் ஒரே நாளில், ஒரே வண்டியிலிருந்து, கழற்றும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதி. போல்ட்டை வீசாதீர்கள் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெளிநாட்டிலிருந்து முழு கிட் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பார்த்தேன். பிரித்த நிலையில் வந்தாலும் முழுப் பொருளாகவே கணக்கு வைப்பது சுங்கத்தின் பொது விதி. காருக்கு இங்கே 20 சதவீத உற்பத்தித் தீர்வை, அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி, கப்பல் கூலி தனி. இரும்புக் குழாய்க்கு அந்தத் தீர்வை கிடையாது, வெல்டிங் என் கையில் இருக்கிறது. முடிந்தது.

குழாய் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகைக்குக் கிடைக்கிற படங்கள் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும், 1 அங்குலச் சதுரக் குழாய், அதாவது 25.4 மி.மீ. கடையில் கேட்டால் 25 மி.மீ. கொடுப்பார்கள். 0.4 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், ஐந்தாறு குழாய் வரிசையாக முட்டும் இடத்தில் 2 மி.மீ. காணாமல்போகும், பிறகு சஸ்பென்ஷன் தாங்கி ஒரு பக்கம் மட்டும் எட்டாது. ஆகவே முழுப் படத்தையும் மில்லிமீட்டரில் திரும்ப வரைந்தேன், 6 வாரம். 1.6 மி.மீ. கனத்தில் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ, என் பட்டியல்படி 41 மீட்டர், கூடு ஏறத்தாழ 50 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம்.

துருவுக்கும் தேதி போட்டிருக்கிறேன். இந்த ஈரக்காற்றில் வெறும் இரும்பைத் துடைத்து வைத்தால் அடுத்த ஞாயிறு வரும்போது மஞ்சள் பூத்திருக்கும். ஆகவே ஒட்டி முடித்த அன்றே பிரைமர், மறுநாள் என்ற பேச்சில்லை. இரும்பின்மேல் அலுமினியத் தகடு ரிவெட் அடிக்கும் இடத்தில் நடுவே சீலன்ட் வைக்காவிட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும். கப்பலில் இதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது, கார் கட்டுகிறவர்கள் பலர் இதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தீபாவளி முடிந்ததும் யூனிட் சாவி கையில் வரும். மச்சான் தீக்காவலுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான், சம்பளம் ஞாயிறு மதியம் பிரியாணி. போன வாரம் குழாய்க் கடையில் விலை பேசி முடித்தேன், 41 மீட்டருக்கு 6 மீட்டர் நீளத்தில் 7 குழாய், எந்தக் குழாயிலிருந்து எந்தத் துண்டு என்று ஒன்றரை மாதம் உட்கார்ந்து போட்ட பட்டியல், மிச்சம் விழுவது ஒவ்வொன்றிலும் ஒரு சாணுக்கும் குறைவுதான், அவ்வளவு கச்சிதம். கடைக்காரர் கேட்டார், "எதில் ஏற்றிப்போவாய்?" நண்பனின் 10 அடி லாரி என்றேன். அவர் சிரித்தார். 6 மீட்டர் என்றால் 20 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பாதியாக வெட்டித் தருகிறேன், எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள் என்றார்.

ஆக, பட்டியலை 3 மீட்டர் குழாய்க்குத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கூட்டில் நீளமான துண்டே 2 மீட்டர்தான், அதனால் பொருந்தும், ஆனால் குழாய் இரண்டு கூடுதலாக வாங்க வேண்டிவரும் போலிருக்கிறது. டேப்பை எப்போது எடுப்பீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். மகள் மட்டும் கேட்கவில்லை, இடது பின்சக்கரக் கட்டத்தில் தன் பள்ளிப் பையை வைக்கப் பழகிவிட்டாள்.